பழைய காருக்கு வீட்லயே பெயிண்ட் அடிக்கப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கணும்னு வரும்போதுதான் பாதி பேருக்கு காரோட பெயிண்ட் ஞாபகமே வருது. எங்க வீட்ல நிக்கிறது 1998 மாருதி 800, அப்பா ஆசையா வாங்குனது, ஊரு தூத்துக்குடி, அதனால கடக்காத்துக்கு துரு பிடிக்காத இடமே இல்ல. முதல் தடவை நானே அடிச்சப்ப ரெண்டு மாசம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஐப்பசி மழை முடியறதுக்குள்ள கதவு அடியிலயும் மட்கார்டு வளைவுலயும் கொப்பளம் கொப்பளமா கிளம்பிடுச்சு. பெயிண்ட்ல ஒரு குறையும் இல்ல, அதுக்கு அடியில நான் விட்டு வச்ச துருவும் உப்பும் ஈரமும்தான் காரணம்.

நிறைய பேர் பண்றது, வண்டிய கழுவாம நேரா எமரி பேப்பர எடுத்து தேய்க்க ஆரம்பிக்கிறது. வருஷக்கணக்கா போட்ட பாலிஷ், டேஷ்போர்டுக்கு அடிச்ச சிலிக்கான் ஸ்ப்ரே எல்லாம் பாடி மேல படிஞ்சிருக்கும், அப்படியே தேய்ச்சா அது கீறலுக்குள்ள இறங்கிடும், அப்புறம் பெயிண்ட் அடிக்கும்போது வட்ட வட்டமா குழி விழும். முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவணும், காஞ்சதும் மெழுகு எண்ணெய் எடுக்கிற கிளீனர ஒரு துணியில நனைச்சு துடைச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணியால வழிச்சு எடுக்கணும். மண்ணெண்ணெய் டீசல் போட்டு துடைக்காதீங்க, எண்ணெய் எடுக்கப் போயி புதுசா எண்ணெய் தடவுன கதை ஆயிடும்.

துரு விஷயத்துலதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. மேல தேய்ச்சிட்டு, பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடிச்சா போதும்னு நினைக்கிறோம், ஆனா துரு வெளிய இருந்து வர்றதவிட உள்ள இருந்து வர்றதுதான் ஜாஸ்தி. கதவு அடியில மழைத்தண்ணி வடியறதுக்குன்னு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது மண்ணு அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே நின்னு தகரத்த அரிச்சிடும், ஒரு கம்பிய விட்டு குத்தி பாருங்க. பேட்டரி தட்டு அடியில, முன் கண்ணாடி ரப்பர் பீடிங் ஓரத்துல, கால் வைக்கிற தரை விரிப்புக்கு கீழ, டிக்கி மூடி விளிம்புல எல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையால தட்டி பாத்துடணும். உள்ள இறங்குச்சுன்னா அது பெயிண்ட் வேலை இல்ல, வெட்டி எடுத்து புதுத்தகரம் வச்சு வெல்டு பண்ற டிங்கர் வேலை. ஓட்டை மேல பட்டி, அதாவது பள்ளம் நிரப்புற பசை, வச்சு மூடவே மூடாதீங்க, பட்டி ஈரத்த உறிஞ்சும், பின்னாடி பக்கத்துல இருந்து தண்ணி ஏறி ஒரே மழையில பெயர்ந்து வந்துடும். பழைய வண்டி வாங்குனவங்க ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி பாடி பூரா வச்சு பாத்தா முன்னாடி எங்க பட்டி கனமா போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிடும், அங்க ஒட்டாது.

கிரைண்டர் போட்டு துருவ எடுக்கறவங்க ஒரே இடத்துல வச்சு அழுத்தக்கூடாது, இந்த வண்டித் தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, சூடு ஏறுனா நெளிஞ்சிடும், அப்புறம் எந்த டிங்கரும் நேராக்க படாத பாடு படணும்.

பட்டி பாக்குறதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, சீக்கிரம் காயட்டும்னு பட்டிய இறுக வைக்கிற ஹார்டனர அள்ளி போடுறது, 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் கிட்ட போதும், ஜாஸ்தி போட்டா ஊசி ஓட்டையும் விழும், பின்னாடி பெயிண்ட் மேல கறை மாதிரி தெரியும். இன்னொண்ணு, பட்டிய தண்ணி போட்டு தேய்க்கிறது. நம்ம ஊர்ல பெயிண்டர்களே பண்றதுதான், ஆனா பாலியஸ்டர் பட்டி தண்ணிய குடிச்சிடும், அதுக்கு மேல பிரைமர் அடிச்சு மூடுனா வெயில்ல அந்த தண்ணி ஆவியாகி கொப்பளமா கிளப்பும். காஞ்ச எமரி பேப்பர்லயே 80 நம்பர்ல ஆரம்பிச்சு 180, அப்புறம் 320ன்னு படிப்படியா போகணும். விரலால அழுத்தி தேய்ச்சா விரல் தடம் பள்ளமா விழும், ஒரு கட்டைய சுத்தி தேய்ங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்லணும். பிரைமருக்கு மேல தண்ணி விட்டு தேய்க்கிற வாட்டர் பேப்பர் போடும்போது போர் தண்ணிய எடுக்காதீங்க. உப்புத்தண்ணி காஞ்சா உப்பு அங்கயே தங்கும், பெயிண்டுக்கு அடியில அந்த உப்பு ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். எனக்கு மட்கார்டுல வந்த கொப்பளம் இதனாலதான்னு ரெண்டாவது தடவை எல்லாத்தையும் சுரண்டும்போதுதான் புரிஞ்சுது. நல்ல தண்ணி ரெண்டு குடம் தனியா வச்சுக்கோங்க, தேய்ச்சு முடிச்சதும் அதுலயே கழுவி, இடுக்குல நிக்கிற ஈரம் போற வரைக்கும் காய விடணும்.

வெறும் தகரம் தெரியற அளவுக்கு தேய்ச்சா அன்னைக்கே எபாக்சி பிரைமர் அடிச்சிடணும், கையால தொடக்கூடக் கூடாது, வேர்வை பட்ட இடம் மறுநாள் பழுப்பா நிக்கும். அதுக்கு மேல பரப்ப சமப்படுத்த அடிக்கிற சர்ஃபேசர் அடிச்சாச்சு இனி மழை ஒண்ணும் பண்ணாதுன்னு தெருவுல நிறுத்துறதும் தப்பு, அது தண்ணிய தடுக்காது, உறிஞ்சும்.

அப்புறம் பழைய பெயிண்ட் என்னன்னு தெரியாம மேல அடிக்கிறது. மறைவான இடத்துல தின்னர் நனைச்ச துணிய ஒரு நிமிஷம் தேய்ங்க, கம்பெனி பெயிண்ட்னா பெரும்பாலும் அசையாது, கலர் துணியில கரைஞ்சு வந்தா நடுவுல யாரோ லோக்கல்ல அடிச்சிருக்காங்க. அது மேல நேரா அடிச்சா சுருங்கி தோலு மாதிரி எழும்பிடும், அத சுரண்டி எடுத்துட்டு ஆரம்பிக்கிறதுதான் நல்லது.

லைட்டு, கைப்பிடி, வைப்பர், வண்டி பேரு எழுத்து எதையும் கழட்ட சோம்பப்பட்டு டேப் ஒட்டினா அந்த ஓரத்துல இருந்துதான் பெயிண்ட் முதல்ல உரியும். தேய்க்கிற தூசிக்கு நல்ல மாஸ்க் கட்டாயம், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், குழந்தைங்க விளையாடுற முற்றத்துல வேண்டாம். ஹார்டனர் கலக்குற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்ட மட்டும் வீட்ல ஸ்ப்ரே பண்ணாதீங்க, அதுல வர்ற ஐசோசயனேட் நுரையீரல கெடுக்கும், துணி மாஸ்க் அதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் ரெண்டாவது தடவை பிரைமர் வரைக்கும் வீட்ல முடிச்சிட்டு, கடைசி கோட்ட ஸ்ப்ரே பண்ற தனி அறை (பூத்) இருக்கற பெயிண்டர்கிட்ட கொடுத்துட்டேன்.

கலர் மாத்தறதா இருந்தா டப்பா வாங்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க, ஆர்சில இருக்கற கலரும் வண்டி கலரும் ஒண்ணா இருக்கணும். அப்பா வெள்ளைதான் வேணும்னுட்டாரு, அதனால எங்களுக்கு அந்த அலைச்சல் இல்ல.