சில்டெரிக்கின் தேனீயை அட்டையில் செய்வோம்

1653-இல், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் தூர்னே நகரில், ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டியபோது பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசர் முதலாம் சில்டெரிக்கின் கல்லறை தற்செயலாகக் கிடைத்தது. அடுத்த பிராங்கிய அரசர் குளோவிஸின் தந்தையான அவர் இறந்தது 481 வாக்கில். உள்ளே வாள், முத்திரை மோதிரம், கூடவே சுமார் 300 குட்டித் தேனீக்கள். பொன் உடல், கார்னெட் என்ற சிவப்பு மணிக்கல்லில் சிறகு. 1831-இல் பாரிஸ் நூலகத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு மிஞ்சியவை இரண்டே இரண்டு. நினைத்தாலே மனசு கனக்கிறது.

அந்தச் சிறகின் ஒளி எப்படி வருகிறது என்பதைக் கையால் செய்தே புரிந்துகொள்ளலாம்.

தேவையானவை: தடித்த அட்டை, தங்க நிற ஜிகினாத் தாள், சாக்லேட் சுற்றிவரும் தங்க நிறத் தகடு, ஒளி ஊடுருவும் சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல் உறை, கத்தரிக்கோல், பசை, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா.

படி 1: அட்டையில் ஜிகினாவை ஒட்டி, 12 செ.மீ. நீளத்தில் தேனீயை வரையுங்கள். அசல் தேனீ விரல் நுனி அளவுதான்; கற்றுக்கொள்ள அது போதாது. சிறகுகளைச் சிறு அறைகளாகப் பிரியுங்கள். பிராங்கியர் நகைகளில் அடிக்கடி வரும் படிக்கட்டு வடிவக் கோடு இதற்கு அழகாகப் பொருந்தும்.

படி 2: 3 மி.மீ. அகலத்தில் அட்டைப் பட்டைகள் வெட்டி, கோடுகளின் மேல் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுங்கள். இவைதான் அறைச் சுவர்கள். அன்றைய பொற்கொல்லர் மெல்லிய பொன் பட்டைகளை அடித்தகட்டோடு பற்றவைத்தார். பசை நன்றாகக் காயட்டும். இங்கே அவசரப்பட்டால் சுவர் சாய்ந்து, பின்னால் எதுவும் உள்ளே உட்காராது.

படி 3: நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். தங்கத் தகட்டை நாலைந்து செய்தித்தாள் மடிப்பின் மேல் விரித்து, ஸ்கேல் வைத்து, பேனா முனையால் 1 மி.மீ. இடைவெளியில் கோடுகள் அழுத்துங்கள். அப்புறம் குறுக்கே அதே மாதிரி. கட்டம் கட்டமாக எழும்பும். தகடு கிழிந்தால் வேறொன்று எடுங்கள். பிராங்கியர் இதைவிட நுணுக்கமாக, அச்சால் அழுத்திச் செய்தார்கள். கார்னெட் தன்னளவில் கருஞ்சிவப்பு. கீழே கட்டத் தகடு இருந்தால், கல்லுக்குள் புகும் வெளிச்சம் பல திசைகளில் திரும்பித் தெறிக்கும்.

படி 4: அறைகளின் அளவுக்குத் தகட்டை வெட்டி உள்ளே வையுங்கள். ஒரே ஒரு அறையில் மட்டும் தகடு வேண்டாம். அடியைக் கறுப்பு மையால் பூசிவிடுங்கள்.

படி 5: ஃபைல் உறையை இரண்டு அடுக்காக வெட்டி எல்லா அறைகளிலும் தகட்டின் மேல் பொருத்துங்கள். ஓர் அடுக்கு வெளிறித் தெரியும். பசை ஓரத்தில் மட்டும். நடுவில் பட்டால் மங்கிவிடும். உண்மையான கார்னெட்டைச் சுமார் ஒரு மி.மீ. தடிமனுக்குத் தேய்த்தார்கள். வேதிப் பகுப்பாய்வின்படி, அந்தக் காலத்துப் பிராங்கிய நகைகளின் கார்னெட்டில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. நம் பக்கத்துக் கல் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

சரி, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் தேனீயை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சிறகு முழுக்கக் கனல் மாதிரி மினுங்கும். தகடு வைக்காத அந்த ஒற்றை அறை மட்டும் இருண்டு கிடக்கும்.