ஹலேயகலாவுக்குக் கடற்கரைச் சட்டையோடு போகாதீர்கள்

சூரிய உதயத்துக்காக விடிவதற்கு முன்னால் ஹலேயகலா மலை உச்சியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், யார் விவரம் தெரிந்து வந்தவர், யார் தெரியாமல் வந்தவர் என்று இருட்டிலேயே சொல்லிவிடலாம். தெரிந்தவர் குல்லாவும் கையுறையும் போட்டு அமைதியாக நிற்பார். தெரியாதவர் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தோளில் ஹோட்டல் துண்டு சகிதம் பல் தந்தியடிக்க நிற்பார்.

ஹவாயின் மாவி தீவில் இருக்கும் இந்த மலையின் உயரம் 3,055 மீட்டர். தீவு வெப்பமண்டலத்தில் இருப்பதால் மலையும் கதகதப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான். 1,000 அடி ஏறினால் வெப்பம் ஒன்றரை டிகிரி செல்சியஸுக்கு மேல் குறையும். உச்சி 10,000 அடிக்கு மேல் இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கீழே மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத இரவில்கூட, மேலே உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். காற்றும் வீசினால் கேட்கவே வேண்டாம். ஆனால் சூரியன் ஏறிவிட்டால் அதே இடத்தில் தோல் கருகும். தடித்த ஜாக்கெட்டும் சன்ஸ்கிரீனும் ஒரே பையில் இருக்க வேண்டிய ஊர் இது.

அடுத்தது, முன்பதிவு. அதிகாலை 3 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வண்டியோடு ஹலேயகலா தேசியப் பூங்காவுக்குள் நுழைய 2017 முதல் முன்பதிவு கட்டாயம். ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். கடைசி நேரக்காரர்களுக்காக 2 நாளுக்கு முன்பும் கொஞ்சம் விடுவார்கள். வண்டிக்கு 1 டாலர்தான். அதைக் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 30 டாலர் தனி, அதையும் ரொக்கமாக வாங்க மாட்டார்கள். முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு வண்டியில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், வாசலிலிருந்து திரும்பி வருவதைவிட எரிச்சல் வேறு என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால், சூரிய உதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதமே தேவையில்லை. சூரியனின் வீடு என்பதுதான் மலையின் பெயருக்குப் பொருள். பகல் நீளட்டும் என்று மாவி என்ற வீரன் சூரியனைச் சுருக்குப் போட்டுப் பிடித்தது இங்கேதான் என்பது ஹவாய்க் கதை. அதனால் உதயத்துக்கு ஒரு மவுசு, சரி. ஆனால் மேகங்கள் பெரும்பாலும் உச்சிக்குக் கீழேயே தங்கிவிடுவதால் அஸ்தமனமும் அதே மேகக்கடலில்தான் நடக்கிறது. அதற்கு முன்பதிவும் வேண்டாம், தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். இருட்டியதும் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் நட்சத்திரங்களும் கணக்கில் சேரும்.

இனி, உண்மையிலேயே ஆபத்தான ஒரு தவறு. மாவிக்கு வருபவர்களில் பலர் ஸ்கூபா டைவிங் போகிறார்கள், அதாவது முதுகில் காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது. முதல் நாள் மாலை டைவிங், மறுநாள் விடியலில் மலை என்று திட்டம் போடுகிறார்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது, அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் 3,000 மீட்டர் ஏறினால் வெளி அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி பொங்குவது போல ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள் உருவாகலாம். டைவிங்குக்குப் பிறகு விமானம்தானே ஏறக்கூடாது, நாம் காரில்தானே போகிறோம் என்ற நினைப்புதான் இங்கே ஏமாற்றுகிறது. டைவிங்குக்குப் பிறகு 24 மணி நேரம் மலைப்பக்கம் போக வேண்டாம், அல்லது மலையை முதலில் முடித்துவிடுங்கள். தண்ணீரின் மேல் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தத் தடை கிடையாது.

எரிமலை என்றதும் லாவாவை எதிர்பார்த்து வருபவர்களும் உண்டு. இங்கே லாவா ஓடவில்லை. கடைசி வெடிப்பு 1480-க்கும் 1600-க்கும் இடையில் நடந்திருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. பழைய நூல்களில் 1790 என்று இருக்கும். உறங்கும் எரிமலை என்று ஊர் சொன்னாலும் அமெரிக்கப் புவியியல் துறை இதை இன்னும் உயிருள்ள எரிமலைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை, எல்லோரும் படமெடுக்கும் அந்தப் பிரம்மாண்டமான பள்ளம் எரிமலை வாயே அல்ல. மழையும் ஓடைகளும் அரித்து அரித்து இரண்டு பள்ளத்தாக்குகள் ஒன்றாகிவிட்டன. பிற்கால வெடிப்புகள் அதற்குள் செந்நிறச் சாம்பல் குன்றுகளை எழுப்பின.

அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும் ஸ்லைடிங் சாண்ட்ஸ் பாதைதான் பலரை மாட்டிவிடுகிறது. வழக்கமான மலையேற்றத்தில் முதலில் கஷ்டம், திரும்பும்போது சுகம். இங்கே தலைகீழ். பொலபொலவென்ற எரிமலைச் சரளையில் கால் தானாகச் சறுக்கும், பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் இறங்கிவிடலாம். திரும்பி ஏறும்போது ஒவ்வோர் அடியும் பாதி பின்னால் வழுக்கும், மூச்சும் போதாது. இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். குடிநீர் கிடையாது, நிழலும் கிடையாது. கையில் இருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோ குமட்டலோ வந்தால் யோசிக்காமல் வண்டியில் ஏறிக் கீழே போவதுதான் வைத்தியம்.

பாதையை விட்டு விலகி நடப்பது வெறும் விதிமீறல் மட்டுமல்ல. ஆஹினாஹினா என்ற வெள்ளிநிறச் செடியின் இந்த வகை உலகிலேயே இந்த மலையில்தான் இருக்கிறது. சிலது 90 ஆண்டுகூட வாழும். ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்குப் பூத்தண்டு விட்டு, பிறகு பட்டுப்போகும். ஒரு காலத்தில் வந்தவர்கள் இதைப் பிடுங்கிச் சரிவில் உருட்டி விளையாடினார்களாம். வேர்கள் சரளைக்கு அடியில் மேலாகவே பரவியிருப்பதால், செல்ஃபிக்காகப் பக்கத்தில் போய் நின்றாலே நசுங்கிவிடும்.

பூங்காவுக்குள் பெட்ரோலும் இல்லை, சாப்பாடும் இல்லை. கீழே ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், இதே பூங்காவின் இன்னொரு பகுதியான கிபஹூலு, ஹானா என்ற ஊரைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அடுத்த வீடு போலத் தெரியும், ஆனால் உச்சியிலிருந்து அங்கே சாலை இல்லை. மலையை இறங்கி, சுற்றுப்பாதையில்தான் போக வேண்டும். டிக்கெட் 3 நாள் செல்லும், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

கடைசியாக, இறங்கும் வழி. தூக்கக் கலக்கத்தோடு பிரேக்கை அழுத்திக்கொண்டே வருபவர்களின் வண்டியிலிருந்து பாதி வழியிலேயே கருகிய வாடை அடிக்கும். கியரைக் குறைத்துவிட்டு எஞ்சினின் பிடியில் இறங்குங்கள். மேகத்துக்குள் நுழையும்போது இன்னும் மெதுவாக. கீழே மேய்ச்சல் நிலங்களில் வேலி இல்லாத இடங்கள் உண்டு. ஒரு வளைவு திரும்பினால் மூடுபனிக்குள் நடுரோட்டில் ஒரு மாடு நிற்கும், ஹாரன் அடித்தாலும் அசையாது.