ஐந்தா, ஏழா? இளஞ்சிவப்பு ஓடு தீர்த்த வழக்கு

வீடு களியக்காவிளை, ஆய்வு திருவனந்தபுரம். அரபிக்கடல் அடிச்சேற்று மாதிரி ஒன்றுக்கு வயது கணிக்க வேண்டியிருந்தது.

பனியுகத்தில் லேசான ஆக்சிஜன்-16 பனிப்பாறைகளில் சிறைப்படும். கடல்நீரிலும் அதில் வளரும் ஃபோரமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரியின் ஓட்டிலும் ஆக்சிஜன்-18 கூடும். வெப்பக் காலத்தில் குறையும். சிக்கல் என்னவென்றால், மேல்நீரில் மிதப்பவற்றின் ஓடு ஆற்று வெள்ளத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. நம்ம இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை சும்மா விடுமா? ஆழத்துக்கு ஆழம் ஆக்சிஜன்-18 மாறுவதைக் காட்டும் வளைவு கன்னாபின்னாவென்று வந்தது. கடலடியில் வாழும் சிபிசிடாய்டஸ் ஓடுகளை மட்டும் பொறுக்கி அளக்கக் கொடுத்தேன், தெளிந்தது.

அதை லிசீக்கி, ரேமோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 57 இடங்களின் தரவைச் சேர்த்து 2005-இல் வெளியிட்ட வளைவோடு ஒப்பிட்டேன். மாதிரியின் மேல்பகுதி எடுக்கும்போதே கலைந்துபோனதால், முதல் பெரிய வெப்ப மேடு ஐந்தாம் கட்டமா ஏழாம் கட்டமா என்று புரியவில்லை (இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிடப்பட்ட குளிர், வெப்பக் காலங்களே கட்டங்கள்; ஏழு, ஐந்தைவிடப் பழையது). வடிவத்தை மட்டும் நம்பினால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம்.

வேறு சான்று தேவைப்பட்டது. குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற மிதக்கும் ஃபோரமினிஃபெராவின் இளஞ்சிவப்பு வகை இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது ஐந்தாம் கட்டத்தில், மறைந்தது. அட்லாண்டிக்கில் இன்றும் உண்டு. என் மாதிரியில் அந்த மேட்டிலும் அதற்குக் கீழும் சிவப்பு கிடைத்தது; மேலே வெள்ளை மட்டுமே. அப்படியானால் ஐந்துதான். நிறம் வெளிறியிருக்கும், மஞ்சள் விளக்கில் தேடாதீர்கள்.