பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கண்ணாடிக்கு: எதை முதலில் மாற்றுவது?

ஒரே நாளில் எல்லா டப்பாவையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். துவரம்பருப்பு, ரவை மாதிரி காய்ந்த சரக்கு இன்னும் கொஞ்ச காலம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். சூடானது, புளிப்பானது, எண்ணெய் மிதப்பது: பிளாஸ்டிக்கிலுள்ள ரசாயனம் இவற்றில்தான் அதிகம் இறங்கும். ஆகவே ரசம், குழம்பு, ஊறுகாய், தொக்கு முதலில்.

1. டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன். 7 என்பது 'மற்றவை', பாலிகார்பனேட் இதில்தான் வரும். இந்த மூன்றையும் முதலில் ஒதுக்குங்கள். 5 போட்டது பாலிபுரொப்பிலீன். காய்ந்த பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். எண் எதுவானாலும், கீறல் விழுந்ததும் சாம்பார் மஞ்சள் ஏறிப்போனதும் இனி ஊசி, நூல், பொத்தானுக்குத்தான்.

2. இருக்கிற பாட்டிலைத் தேற்றுங்கள்

காலி ஜாம், காபித்தூள் பாட்டில்களே பாதி வேலையை முடித்துவிடும். வெந்நீர் நிரம்பிய வாளியில் ஊறவைத்தால் லேபிள் உரிந்து வரும், பசை மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். தேங்காய் எண்ணெயில் சமையல் சோடாவைக் குழைத்து அதன்மேல் பூசி, அரை மணி கழித்து நாரால் தேய்த்தால் உருண்டு உருண்டு வந்துவிடும். ஊறுகாய் வாசனை பாட்டிலில் தங்காது, மூடிக்குள் இருக்கும் வளையத்தில் தங்கும். மூடியை வெயிலில் காயவையுங்கள். அப்படியும் போகாவிட்டால் அந்தப் பாட்டில் ஊறுகாய்க்கே!

3. வாங்குவதை யோசித்து வாங்குங்கள்

ஜாம் பாட்டில் சாதாரண சோடா-லைம் கண்ணாடி. கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றினால் உள்பக்கம் சட்டென விரியும், வெளிப்பக்கம் விரியாது, பட்டென்று விட்டுவிடும். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி விரிவது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். மைக்ரோவேவில் சுடவைப்பதற்கு இந்த வகையில் இரண்டு மூன்று போதும். ஆனால் அதையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜுக்குச் சதுர டப்பா நல்லது, இடம் வீணாகாது.

4. நிரப்பும்போது

இட்லி மாவில்தான் கவனம் வேண்டும். புளிக்கும்போது வாயு கிளம்பும். பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியை இறுக்காமல் சும்மா மேலே வையுங்கள். ஃப்ரீசரில் வைப்பதற்கு வாயிலிருந்து இரண்டு விரல் அளவு காலி விடுங்கள், உறைந்தால் உப்பும். உப்பும் புளிப்பும் பட்டால் தகர மூடி துருப்பிடிக்கும். ஊறுகாய்க்குக் கண்ணாடி மூடியோ பீங்கான் ஜாடியோ சரி. மிளகாய்த்தூள் ஜன்னலோரம் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

பெரிய பாட்டில்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்கு மட்டும் கண்ணாடி வேண்டாம், அதற்கு எவர்சில்வர் டப்பாதான்.