வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பவளம்: இனம் காண்பதும் தீனி கொடுப்பதும்

பவளத்துக்குத் தீனி கொடுக்கும் முன் அது எந்த வகை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்று ஆவலோடு உண்ணும் தீனி, இன்னொன்றின் மேல் அழுகிக் கிடந்து தொட்டி நீரையே கெடுத்துவிடும்.

வாங்கும்போதே கவனம் தேவை. கல் கூடு கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் உயிர்களின் பட்டியலில், உள்ளன. நெல்லையிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை பக்கம்தான் என்றாலும், அங்கே ஒதுங்கிக் கிடக்கும் உடைந்த துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த மென்பவளங்கள், காளான் பவளங்கள், சோவாந்திடுகள் (பவளத்துக்கு உறவான, கல் கூடில்லாத உயிரிகள்) ஆகியவற்றைத் தொடக்கநிலையினர் ரசீதுடன் வாங்குவதே முறை.

அடுத்தது இனம் காணல். பவளம் நன்கு விரிந்திருக்கும்போது உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஒவ்வொரு பாலிப்பிலும் (பவளத்தின் வாயுள்ள சிற்றுடல்) இறகு போன்ற விளிம்புடைய எட்டு உணர்கொம்புகள் இருந்தால், அது தோல்பவளம், சீனியா முதலிய மென்பவளம். தட்டையான வட்டத்தின் நடுவில் வாயும், ஓரத்தில் இறகற்ற குட்டைக் கொம்புகளும் இருந்தால் சோவாந்திடு. கூடில்லாத அகன்ற தட்டு மட்டும் தெரிந்தால் காளான் பவளம். சோவாந்திடுகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றைத் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள்.

தோல்பவளமும் சீனியாவும் தம் உடலில் வாழும் பாசிகள் ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவையே பெரிதும் நம்பியிருப்பதால், அவற்றுக்குத் தனியே ஊட்ட வேண்டியதில்லை. தோல்பவளம் சில நாள் சுருங்கி, மெழுகு போன்ற படலத்தை உரிக்கும்; இறந்துவிட்டதென்று எண்ணி அதை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

மற்ற இரண்டுக்கும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகள் ஏற்றவை. ஒரு லிட்டர் உப்புநீரில் கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டைகளைப் போட்டுக் காற்றும் வெளிச்சமும் கொடுத்தால், 28 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டர் தேவைப்படாது. காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மேலே மிதக்க, அடியில் திரளும் குஞ்சுகளை உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து அலசுங்கள். தொட்டி விளக்கு அணைந்த பிறகு மோட்டார்களை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சினால் பாலிப்புக்குச் சற்று மேலிருந்து மெதுவாக விடுங்கள். பசியுள்ள சோவாந்திடு குஞ்சு பட்டதும் கொம்புகளை உள்ளே மடித்து, சுருக்குப்பை போல இறுக மூடிக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மோட்டார்களை மறவாமல் இயக்குங்கள். வாரம் இருமுறை போதும். தொட்டி நீரில் நைட்ரேட் (தீனி மிச்சமும் கழிவும் சிதைந்து சேரும் பொருள்) ஏறினால் ஒருமுறையாகக் குறையுங்கள்.

சித்திரை வெயிலில் நீர் 26 டிகிரியைத் தாண்டாமல் காக்கச் சில்லரோ (நீரைக் குளிர்விக்கும் கருவி), நீர்ப்பரப்பின் மேல் விசிறியோ வேண்டும். விசிறியால் நீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். எனவே குறைந்த அளவை உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரால் அன்றாடம் நிரப்பி, தொட்டி நீரின் ஒப்படர்த்தியை (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் வைத்திருங்கள். பவளம் வெளுக்கத் தொடங்கினால் தீனியைக் கூட்டாமல், முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.