புகை உறிஞ்சும் அலுமாரி: சத்தத்தை நம்பாதீர்கள், சோதியுங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடம் என் பொறுப்பில் இருக்கிறது. செப்புச் சீவலில் செறிந்த நைத்திரிக்கமிலம் பட்டதும் எழும் கபில நிற வாயுவைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும், மூக்கால் அறியக் கூடாது. காலையில் அதைச் சுவாசித்தவருக்கு இரவில்தான் நுரையீரலில் நீர் கோக்கவும் கூடும். அதனால், இத்தகைய வாயுக்களை விசிறியால் உறிஞ்சிக் கூடத்துக்கு வெளியே தள்ளும் அலுமாரியை ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் சோதிக்கிறேன்.

முதலில் வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயைப் பாருங்கள். விடுமுறை முடிந்து வரும்போது அங்கே குளவிக்கூடோ குருவிக்கூடோ இருக்கும். உள்ளே, கண்ணாடிக் கதவு எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். காற்று உறிஞ்சப்படும் பின்தகட்டின் இடைவெளிகளைப் போத்தல்கள் மறைத்திருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

எரியக்கூடிய திரவங்கள் அனைத்தையும் அறையிலிருந்து அகற்றிய பின் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்துங்கள். திறப்பின் கீழ் விளிம்பிலும் இரு மூலைகளிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை முழுவதும் உள்ளே போக வேண்டும். ஓர் இழை வெளியே சுருண்டாலும் அது குறைதான். இதையே கூரை மின்விசிறியைப் போட்டும், ஒருவரை முன்னால் நடக்கவிட்டும் செய்யுங்கள். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மேற்கு ஜன்னல் திறந்திருந்தால் புகை அப்படியே திரும்பி வருகிறது. செய்முறை நாளில் அந்த ஜன்னலை நானே பூட்டுகிறேன்.

அடுத்தது காற்று வேகமானி. கதவை 40 சென்ரிமீற்றர் திறந்து, திறப்பை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அளவெடுங்கள். பிரித்தானியப் பாடசாலைகளுக்கான வழிகாட்டலின்படி எந்தக் கட்டத்திலும் செக்கனுக்கு 0.3 மீற்றருக்குக் குறையக் கூடாது. சராசரியிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகவும் கூடாது. சராசரி 0.45 என்றால் 0.32க்கும் 0.58க்கும் இடையில் எல்லாம் அடங்க வேண்டும். வேகம் மிகுந்தாலும் நல்லதல்ல. முன்னால் நிற்பவரின் உடலைச் சுற்றிச் சுழல் உண்டாகி வாயுவை முகத்துக்கே இழுத்து வரும்.

ஒருமுறை திருத்த வேலைக்குப் பின் விசிறி வழக்கம்போல் உறுமியது, வேகமோ 0.2ஐத் தாண்டவில்லை. மும்முனை மின்கம்பிகளில் இரண்டு இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. அதனால் விசிறி எதிர்த்திசையில் சுழன்றது. எங்களுடையது போன்ற மையநீக்க விசிறி அப்படிச் சுழன்றாலும் காற்றை வெளியே தள்ளவே செய்யும், ஆனால் மிகவும் பலவீனமாக. உறுமலை நம்பியிருந்தால் இருபத்தெட்டுப் பிள்ளைகளை அதன் முன் நிறுத்தியிருப்பேன்.

அளவுகளைத் திகதியுடன் கண்ணாடியிலேயே ஒட்டுங்கள்; 40 சென்ரிமீற்றரில் சிவப்புக் கோடு இடுங்கள். தேறாத அலுமாரியில் "பாவிக்க வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிட்டு, அமிலப் போத்தல்களைப் பூட்டிச் சாவியை உங்களிடமே வைத்திருங்கள்.