ஒற்றை வரியிலிருந்து ஒரு வாழ்க்கை: அமெரிக்கக் குடியேற்றக் கால மனிதர்களைப் பற்றி எழுதும் முறை

கிருஷ்ணகிரியில் வரலாறு கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு ஒரு பணி தருகிறேன். 1607-க்கும் 1700-க்கும் இடையில் வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூல ஆவணங்களைக் கொண்டு அவருடைய வாழ்க்கையை நான்கு பக்கங்களில் எழுதி வர வேண்டும். நமக்கும் அந்த நாட்டுக்கும் என்ன உறவு என்று முதல் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலப் படையின் தளபதி கார்ன்வாலிஸ்தான், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாகத் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய நம் பாராமகாலைப் பெற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் என்று சொல்லித் தொடங்குவேன். அதன் பின் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே ஊர் ஊராக நிலத்தையும் குடிகளையும் கணக்கெடுத்தார்கள். ஆள்வோர் தம் தேவைக்காக எடுத்த அத்தகைய கணக்குகளில்தான் எளிய மனிதர்களின் பெயர்கள் தற்செயலாகத் தங்கிப்போகின்றன. பாராமகாலிலும் அப்படித்தான், அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றமான வர்ஜீனியாவிலும் அப்படித்தான். ஆகவே எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும், இதை யார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்கப் பழகுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

பெயர் பெற்றவர்களில் தொடங்க வேண்டாம். அவர்களுடைய வாழ்க்கை பலமுறை எழுதப்பட்டுவிட்டதால், பிறர் எழுதியதைச் சுருக்கித் தருவதிலேயே உங்கள் நான்கு பக்கங்களும் முடிந்துவிடும். குறைந்தது மூன்று வகைத் தாள்களில் தென்படும் எளிய மனிதர் ஒருவரைத் தேடுங்கள்: ஒரு குடிக்கணக்கு, ஒரு நீதிமன்றப் பதிவு, ஒரு நிலப்பட்டா அல்லது உயில் இருந்தால் போதும். விதிவிலக்கும் உண்டு. வர்ஜீனியாவில், கப்பல் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்கக் கட்டுப்பட்ட ஒப்பந்த ஊழியராக இருந்த ரிச்சர்ட் ஃப்ரெத்தார்ன் என்னும் இளைஞர் 1623-இல் தம் பெற்றோருக்கு எழுதிய கடிதம் ஒன்றே ஒரு வாழ்க்கையின் கனத்தைத் தாங்கும். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து பட்டாணியும் நீர்த்த கூழும் தவிர வேறெதையும் உண்ணவில்லை என்றும், எப்படியாவது பணம் கொடுத்துத் தம்மை மீட்டுவிடுமாறும் அவர் அதில் மன்றாடுகிறார். அதை வகுப்பில் படிக்கும்போது, வெளியூரில் வேலைக்குப் போன அண்ணனையோ தந்தையையோ நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் இங்கே உண்டு.

ஊர்ப்பெயரும் ஆண்டும்

எங்கே தேடுவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. நம் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று எழுதியிருப்பதைக் கண்டு நாம் குழம்புவதில்லை. அதே தெளிவு அங்கும் வேண்டும். பிளிமத் குடியேற்றம் 1691-ஆம் ஆண்டின் சாசனத்தால் மாசசூசெட்ஸுடன் இணைக்கப்பட்டது; நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்ததால் அதன் பழைய ஆவணங்கள் டச்சு மொழியில் உள்ளன. உங்கள் மனிதர் வாழ்ந்த ஆண்டில் அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருந்ததோ, அந்த ஆட்சியின் பதிவுகளில் தேடுங்கள். அங்கும் ஒரு சேலம் உண்டு. அது மாசசூசெட்ஸில் உள்ள கடற்கரை ஊர் என்பதைக் கட்டுரையின் முதல் இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கில் இன்னும் கவனம் தேவை. ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டியில், 1752 வரை, புத்தாண்டு மார்ச் 25-ஆம் நாள் பிறந்தது. சித்திரையில் ஆண்டு பிறக்கும் நமக்கு இது வியப்பளிக்கும் செய்தி அன்று. ஆனால் இதை மறந்தால் ஓராண்டு பிழைபடும். மேரி ரோலண்ட்சன் என்னும் பெண், மாசசூசெட்ஸின் லங்காஸ்டர் ஊரின் மீது பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலில் தாம் சிறைப்பிடிக்கப்பட்டதை 1675 பிப்ரவரி 10 என்றே எழுதினார். இன்றைய கணக்கில் அது 1676. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாட்களை 1675/76 என்று இரட்டையாகக் குறிப்பதே பாதுகாப்பானது. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய, பியூரிட்டன்கள் எனப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர்கள் மாதத்தை எண்ணால் குறிப்பதுண்டு. அவர்களுடைய முதல் மாதம் மார்ச். தர்மபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களில், அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் எழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு காலத்துக்கும் தனிக் கணக்கு உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

பட்டியல்களைப் படித்தல்

1625-இன் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் வீடுவீடாக ஒரு குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. குடும்பத் தலைவர், அவருடைய ஊழியர்கள், பலருடைய வயது, வந்த கப்பலின் பெயர், வந்த ஆண்டு, கையிருப்பில் உள்ள தானியம், மீன், துப்பாக்கி, வீடுகளின் எண்ணிக்கை எனப் பலவும் அதில் உள்ளன. இது இணையத்தில் வர்ச்சுவல் ஜேம்ஸ்டவுன் என்னும் தளத்தில் தேடிப் படிக்கக் கிடைக்கிறது. கேப்டன் வில்லியம் பியர்ஸின் வீட்டில், ட்ரெஷரர் கப்பலில் வந்த நீக்ரோ பெண் ஆஞ்செலோ என்று ஒரு வரி இருக்கிறது. அக்காலத்தார் பயன்படுத்திய சொல்லை அப்படியே தருகிறேன்.

இந்த ஒற்றை வரியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை, சொல்லப்பட்டதைக் குறியுங்கள்: பெயர், கப்பல், வீடு. இரண்டாம் முறை, சொல்லப்பட்டதிலிருந்து வேறு தாள்களுக்குப் போகும் வழியைக் குறியுங்கள்: ட்ரெஷரர் கப்பல் 1619-இல் வர்ஜீனியாவுக்கு வந்தது, அதே கோடையில் வைட் லயன் என்னும் கப்பல் அங்குள்ள பாயின்ட் கம்ஃபர்ட்டில் இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கரைக் கொண்டுவந்து இறக்கியதை ஜான் ரால்ஃப் என்னும் குடியேறி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாம் முறை, சொல்லாமல் விட்டதைக் குறியுங்கள்: அதே கணக்கில் ஆங்கிலேய ஊழியர் பலருக்கு வயது எழுதப்பட்டிருக்க, இவருக்கு வயது இல்லை. எழுதியவரின் மனத்தில் யார் எவ்வளவு இடம் பெற்றிருந்தார்கள் என்பதை அந்த வெற்றிடம் காட்டுகிறது. அதையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள்.

நிலப்பட்டாக்கள் வேறு வகை. ஒருவரின் கப்பல் செலவை ஏற்று அவரைக் குடியேற்றத்துக்கு அழைத்து வந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. அதனால் பட்டா வாங்கியவர்கள் தாம் அழைத்து வந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொடுத்தார்கள். ஜார்ஜ் மெனிஃபி என்பவர் 1630-களில் கொடுத்த அத்தகைய பெயர்வரிசையில் டோனி என்னும் கிழக்கிந்தியர் ஒருவர் இருக்கிறார். கடல் கடந்து நம் பக்கத்திலிருந்து போன ஒருவர் அங்கே 50 ஏக்கருக்கான எண்ணாக மட்டும் நிற்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவர் எந்தக் கரையிலிருந்து போனார் என்று பட்டா சொல்லவில்லை. தமிழர் என்று எழுத ஆசை எழும், எழுதக் கூடாது.

இறந்தவரின் உடைமைப் பட்டியல்

என் பார்வையில் எளியோரின் வாழ்க்கைக்கு இதைவிட வளமான ஆவணம் கிடையாது. ஒருவர் இறந்தபின் அண்டை அயலார் இரண்டு மூன்று பேர் அவருடைய வீட்டுக்குச் சென்று, பானை, படுக்கை, பெட்டி, மாடு, கலப்பை, துணி, வரவேண்டிய கடன், ஊழியரின் மீதமுள்ள ஒப்பந்தக் காலம் வரை ஒவ்வொன்றுக்கும் விலை மதித்து எழுதினார்கள். அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களும் அதே பட்டியலில் மாட்டுக்கும் பானைக்கும் நடுவே விலையோடு நிற்கிறார்கள். அந்த வரிசையை மாற்றாமல் அப்படியே உங்கள் கட்டுரையில் காட்டுங்கள்.

படிக்கத் தொடங்குமுன் ஒரு பயிற்சி செய்யுங்கள். பாட்டி வாழும் வீட்டுக்குப் போய், விலை மதிக்க வந்த அயலார்போல அறை அறையாக எழுதுங்கள். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் எழுதி வந்த பட்டியலில் திருகை, கேழ்வரகுக் குதிர், களி கிண்டும் துடுப்பு, இரண்டு வெண்கலப் பானைகள், ஓடாத தையல் இயந்திரம், ஒரே ஒரு கட்டில் ஆகியவை இருந்தன. அந்தக் கட்டிலில் யார் படுத்தார்கள், மற்றவர்கள் எங்கே படுத்தார்கள், ஓடாத இயந்திரத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பு முழுவதும் கேட்டது. அதே கேள்விகளை 17-ஆம் நூற்றாண்டுப் பட்டியலிடம் கேளுங்கள். அங்கேயும் பழையது என்ற அடைமொழி திரும்பத் திரும்ப வரும். அங்கேயும் இறகு மெத்தையோடு கூடிய படுக்கை, வீட்டின் விலை மிகுந்த பொருள்களில் ஒன்றாக இருக்கும். நாற்காலி பல வீடுகளில் இருக்காது.

விலையை வாசிக்க, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதை நினைவில் வையுங்கள். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலையே பணமாக நடமாடியதால், அங்கே மதிப்பு புகையிலையின் எடையில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல்களில் பொதுவாக நிலம் இடம்பெறாது என்பதால், நிலம் இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மணமான பெண்ணின் உடைமை சட்டப்படி கணவனுக்கு உரியதாக இருந்தது. ஆகவே பெண்களின் பட்டியல்களில் பெரும்பாலானவை கைம்பெண்களுடையவை அல்லது மணமாகாதவர்களுடையவை.

நீதிமன்றப் பதிவுகள்

பல தாள்களைக் கோத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆண்டனி ஜான்சனைக் காட்டுவேன். 1621-இல் வர்ஜீனியாவுக்கு வந்த அன்டோனியோ என்னும் ஆப்பிரிக்கர் 1625-ஆம் ஆண்டுக் கணக்கில் பென்னட் என்பவரின் தோட்டத்தில் இருக்கிறார். மேரி என்னும் பெண்ணும் அங்கே இருக்கிறார். இவர்களே பின்னாளில் விடுதலை பெற்ற ஆண்டனி, மேரி ஜான்சன் தம்பதியர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1651-இல் ஐந்து பேருக்கான உரிமையைக் காட்டி ஆண்டனி 250 ஏக்கர் பெறுகிறார். 1653-இல் தீ விபத்தில் இழப்பு ஏற்பட, அவருடைய மனைவிக்கும் இரு மகள்களுக்கும் நீதிமன்றம் வரிவிலக்கு அளிக்கிறது. அடுத்து ஜான் கேசர் என்னும் கறுப்பின மனிதர், தாம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே ஊழியராக வந்ததாகவும், ஜான்சன் தம்மை விடாமல் வைத்திருப்பதாகவும் முறையிடுகிறார். 1655-இல் நீதிமன்றம் கேசரை ஜான்சனிடமே திருப்பி அனுப்புகிறது. ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்கிறது. அவர் இறந்த 1670-ஆம் ஆண்டில், அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர் என்று வர்ஜீனிய நடுவர் குழு தீர்மானித்து, அவர் விட்டு வந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்கிறது.

இதில் ஒரு தாளை மட்டும் படித்தவர் அவரை வெற்றி பெற்ற உழவர் என்பார். மற்றொரு தாளை மட்டும் படித்தவர் இன்னொரு மனிதரை விடாமல் பிடித்து வைத்தவர் என்பார். கடைசித் தாளை மட்டும் படித்தவர் நிறத்தால் நிலம் பறிபோனவர் என்பார். மூன்றும் உண்மை. எதையும் மறைக்காமல், ஆண்டு வரிசையில் வைத்து எழுதுங்கள்.

பெயர் பெற்றவர்களை எழுத நேர்ந்தால்

எளியவர் ஒருவரை எழுதி முடித்தபின் பெயர் பெற்றவரிடம் வரலாம். அங்கேயும் அதே கேள்விதான். ஆன் ஹட்சின்சன் 1634-இல் பாஸ்டனுக்கு வந்து, தம் வீட்டில் சமயக் கூட்டங்கள் நடத்தி, 1637 நவம்பரில் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவருடைய சொற்கள் நமக்கு முதன்மையாக விசாரணைப் பதிவின் வழியாகவே வருகின்றன. விசாரணையை நடத்திய ஆளுநர் ஜான் வின்த்ராப் அவரைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது, எழுதியவர் எதிர்த்தரப்பினர் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள். பூர்வகுடி மனிதரான டிஸ்குவாண்டத்தின் நிலையும் அதுவே. 1614-இல் தாமஸ் ஹன்ட் என்பவர் அவரைக் கடத்தி ஸ்பெயினின் மலாகாவுக்குக் கொண்டுபோனார். 1619-இல் அவர் திரும்பி வந்தபோது பட்டக்செட் என்னும் அவருடைய ஊர் கொள்ளைநோயில் அழிந்துபோயிருந்தது. மேஃபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலக் குடியேறிகளுக்குச் சோளம் நடக் கற்பித்தவர் என்று மட்டும் அவரை எழுதுவது எனக்கு ஏற்புடையதன்று. பிளிமத் என்னும் பெயரில் அவர்கள் குடியேறிய இடம் அவருடைய ஊர்தான்.

தமிழில் எழுதும்போது

ஆங்கில ஆவணம் இந்தியன் என்று எழுதினால் அது பூர்வகுடியைக் குறிக்கும். 1692-இல் சேலம் சூனியக்காரி வழக்கில் விசாரிக்கப்பட்ட டிட்டுபாவை அக்கால ஆவணங்கள் இந்தியப் பெண் என்றே குறித்தன. பின்வந்த எழுத்தாளர்கள் அவரை ஆப்பிரிக்கராக மாற்றினார்கள். தமிழில் பூர்வகுடிப் பெண் என்று எழுதி, ஆவணத்தின் சொல் எது என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். டோனி போன்றவர்க்குக் கிழக்கிந்தியர் என்ற சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அவன், அவர் என்னும் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இத்தேர்வு இல்லை. நமக்கு முதல் வாக்கியத்திலேயே உண்டு. ஆளுநர் வின்த்ராப்பை அவர் என்றும், ஓடிப்போன ஊழியனை அவன் என்றும் நம் கை தானாக எழுதிவிடும். ஆஞ்செலோவுக்கும் ஆளுநருக்கும் ஒரே மரியாதை விகுதி இருக்கட்டும். முழுக் கட்டுரையையும் இதற்காகவே ஒருமுறை திருத்திப் படியுங்கள்.

வினைமுற்றுகளையும் எண்ணுங்கள். இருந்தார் என்று எழுதிய இடத்துக்கெல்லாம் ஒரு தாள் இருக்க வேண்டும்; தாள் இல்லாமல் ஊகித்த இடத்தில் இருந்திருக்கலாம் என்று வர வேண்டும்; அழுதார், ஏங்கினார் என்பவை ஃப்ரெத்தார்ன்போலத் தாமே எழுதிவைத்தவர்க்கு மட்டும் உரியவை. எழுதி முடித்ததும், அமெரிக்க வரலாறு படித்திராத வீட்டார் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் நிறுத்திக் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும், எந்தத் தாள், யார் எழுதியது, எந்த ஆண்டு என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.